‘ஐ5 தானே, ஓடாதா?’ – கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினேன். ஒரு கட்டு மட்டும் உயரமாக நின்றது. எல்லாவற்றிலும் சாரம் ஒன்றுதான்: மென்பொருளை நிறுவிவிட்டோம், ஓடவில்லை, இப்போது என்ன செய்வது? நிறுவுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

இதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தை 14 வருடம் பார்த்துக்கொண்டேன். ஒரு முறை 30 கணினிகளில் வரைபட மென்பொருள் ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த கணினியில் எல்லாவற்றையும் சரிபார்த்தேன், பொருந்தியது. இரண்டு நாள் உட்கார்ந்து முப்பதிலும் ஏற்றினேன். மறுநாள் வகுப்பில் பின்வரிசைக் கணினிகள் ஏழில் மென்பொருள் திறந்தது, ஆனால் வரையும் பகுதி மட்டும் கறுப்பாகவே நின்றது. அந்த ஏழும் வேறொரு வருடம் வாங்கியவை. வெளிப்பெட்டி அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தது, உள்ளே கிராஃபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் வரைந்து தரும் பகுதி, வேறு. செய்முறைத் தேர்வுக்கு மூன்றே வாரம். ஏழு பிள்ளைகள் அடுத்தவர் எழுந்திருக்கும்வரை பின்னால் நின்றுகொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒரு கணினிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஐந்து வரி. பிராசசரின் முழுப் பெயர், ராம் எவ்வளவு, கிராஃபிக்ஸின் முழுப் பெயர், டிஸ்க் எந்த வகை, அதில் காலியிடம் எவ்வளவு, கடைசியாக விண்டோஸ் எந்தப் பதிப்பு, 64 பிட்டா 32 பிட்டா. இதற்குத் தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால், காலியிடம் தவிர முதல் நான்கு வரிகளும் கிடைத்துவிடும். காலியிடத்தை ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘திஸ் பிசி’யில் பார்க்கலாம். ஐந்தாவது, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். மென்பொருள்காரர் கேட்கும் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தப் பக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்த ஐந்து வரிகளைச் சுற்றித்தான்.

கேள்வி: மேடம், நான் அனிமேஷன் படிக்கிறேன். அண்ணனின் பழைய லேப்டாப் என்னிடம் வந்திருக்கிறது. ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவினேன். நிறுவும்போது ஒரு தடங்கலும் இல்லை. திறந்தால் மட்டும் சின்னப் பெட்டி ஒன்றில் ஏதோ எச்சரிக்கை வந்து மூடிக்கொள்கிறது. “ஐ5 தானே, ஓடாதா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். லேப்டாப் கெட்டுவிட்டதா? திரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு மாணவி

பதில்: லேப்டாப் கெடவில்லைம்மா, கவலைப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிராசசர் வரியில் ‘ஐ5-3320எம்’ என்று இருக்கிறது. உங்கள் நண்பர்கள் பார்த்தது கோட்டுக்கு முன்னால் இருப்பதை. விஷயம் இருப்பது கோட்டுக்குப் பின்னால்.

இன்டெல்லின் ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் வரிசையின் பெயர்கள்தான். பின்னால் வரும் எண் நான்கு இலக்கமாக இருந்தால் பொதுவாக முதல் இலக்கம் தலைமுறையைச் சொல்லும். ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு. உங்களுடையது 3-ம் தலைமுறை, 2012-ல் வந்தது, 2 கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் மையங்கள் இரண்டு. 2017-ல் வந்த ஐ5-8250யு 8-ம் தலைமுறை, அதில் 4 கோர். இரண்டு லேப்டாப்பிலும் ஐ5 என்றுதான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இன்னும் சொன்னால், லேப்டாப்புக்கான ஐ7-3520எம் பிராசசரில் 2 கோர்தான், மேசைக் கணினிக்கு வந்த ஐ3-8100 பிராசசரில் 4 கோர். அதனால் ‘ஐ7 இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் “எண் என்ன?” என்று கேளுங்கள்.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர்களில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். லேப்டாப்புக்கான ரைசன் 7000 வரிசையில் எந்தக் காலத்து வடிவமைப்பு என்பதை மூன்றாவது இலக்கம்தான் சொல்கிறது. 7520யு என்றால் உள்ளே இருப்பது பழைய ஜென் 2 வடிவமைப்பு, 7540யு என்றால் புதிய ஜென் 4. முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வயதுபோலத் தெரியும்.

சரி, உங்கள் கோளாறுக்கு வருவோம். பிளெண்டர் 4 கோர் பிராசசர் கேட்கிறது என்றாலும், உங்களிடம் திறக்காமல் மூடிக்கொள்வதற்குக் காரணம் கிராஃபிக்ஸ். 2023 நவம்பரில் வந்த பிளெண்டர் 4.0-லிருந்து விண்டோஸில் ஓபன்ஜிஎல் (மென்பொருளும் கிராஃபிக்ஸும் பேசிக்கொள்ளும் மொழி) 4.3 இருந்தாக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். உங்கள் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் இன்டெல் எச்டி 4000. அது விண்டோஸில் ஓபன்ஜிஎல் 4.0 வரைதான் போகும். அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கும் ஆங்கில வாக்கியத்தை நிதானமாகப் படித்தால் இதைத்தான் சொல்கிறது என்று தெரியும். எச்சரிக்கை வந்தால் மூடுவதற்கு முன்னால் அதைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

“அப்படியானால் நிறுவும்போதே ஏன் சொல்லவில்லை?” என்று நீங்கள் கேட்கலாம். பல மென்பொருள்களின் நிறுவி, விண்டோஸ் பதிப்பையும் காலியிடத்தையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும். கிராஃபிக்ஸைத் தொட்டுப் பார்ப்பது மென்பொருள் திறக்கும்போதுதான். எனவே நிறுவி முடிந்ததை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

கிராஃபிக்ஸை நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி என்டர் அடியுங்கள். ஒரு ஜன்னல் திறக்கும். முதல் பக்கத்தின் கீழே ‘டைரக்ட்எக்ஸ் 12’ என்று போட்டிருக்கும். டைரக்ட்எக்ஸும் ஓபன்ஜிஎல் போல ஒரு மொழிதான். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அது விண்டோஸில் இருக்கும் டைரக்ட்எக்ஸின் எண், உங்கள் கிராஃபிக்ஸின் திறன் அல்ல. பக்கத்தில் இருக்கும் டிஸ்ப்ளே தாவலுக்குப் போங்கள். அங்கே ‘ஃபீச்சர் லெவல்ஸ்’ என்ற வரியில் முதலில் இருக்கும் எண்தான் கிராஃபிக்ஸ் உண்மையில் எதுவரை போகும் என்று சொல்வது. எச்டி 4000-ல் அது 11-லேயே நின்றுவிடும். டைரக்ட்எக்ஸ் 12 கேட்கும் விளையாட்டு ஒன்றை, முதல் பக்கத்தை மட்டும் நம்பிப் பல மணி நேரம் பதிவிறக்கிவிட்டு ஏமாந்து எழுதியிருந்தார் இன்னொரு வாசகர்.

அதே தாவலில் நினைவகத்துக்கு மூன்று வரிகள் இருக்கும். ‘அப்ராக்ஸ். டோட்டல் மெமரி’ என்ற பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அதில் ராமிலிருந்து கடன் வாங்குவதும் சேர்ந்திருக்கிறது. மென்பொருள் ‘2 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம்’ என்று கேட்டால் ஒப்பிட வேண்டியது ‘டிஸ்ப்ளே மெமரி’ என்ற வரியோடு.

முடிவுக்கு வருமுன் ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். அங்கே கிராஃபிக்ஸின் பெயர் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால், கிராஃபிக்ஸுக்கு உரிய டிரைவர், அதாவது விண்டோஸோடு அதை இணைக்கும் சின்ன மென்பொருள், ஏறவில்லை என்று பொருள். அப்போது நல்ல கிராஃபிக்ஸ் கார்டுகூட ஒன்றும் தெரியாததுபோல நடிக்கும். டிரைவரை ஏற்றினால் சரியாகிவிடும். உங்கள் படத்தில் எச்டி 4000 என்று சரியாகவே வருகிறது, அதனால் உங்களுக்கு அந்த வழி இல்லை. ராமைக் கூட்டினாலும் இந்தத் தடை நீங்காது, கிராஃபிக்ஸ் பிராசசரோடு ஒட்டிப் பிறந்தது. யாராவது “16 ஜிபி போட்டால் ஓடும்” என்றால் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் படிப்பு நிற்க வேண்டியதில்லை. 4.0-க்கு முந்தைய பிளெண்டர் ஓபன்ஜிஎல் 3.3 இருந்தால் திறக்கும். 3.6 பதிப்பை பிளெண்டரின் தளத்திலேயே பழைய பதிப்புகள் பகுதியில் எடுக்கலாம். நிறுவாமல், ஜிப்பாக இறக்கி விரித்துத் திறந்து பார்த்துவிடலாம், ஒத்துவராவிட்டால் அந்த ஃபோல்டரை நீக்கினால் போயிற்று. உருவம் செய்வது, எலும்பு பொருத்துவது, கீஃப்ரேம் வைப்பது எல்லாம் அதிலேயே கற்றுக்கொள்ளலாம். பெரிய காட்சிகளை ரெண்டர் செய்யும்போது, அதாவது முழுப் படமாக உருவாக்கும்போது, இந்த லேப்டாப் திணறும், அதைக் கல்லூரிக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: கல்லூரியில் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு வீட்டில் பழையதில் முழுசாகத் திறக்காமல் போகலாம். இரண்டு இடத்திலும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்று குறைந்தபட்சம் 8 ஜிபி ராம் கேட்கிறது. என்னிடம் சரியாக 8 ஜிபி இருக்கிறது. ஆனாலும் இரண்டு நிமிட வீடியோவை வெட்டுவதற்குள் கணினி உறைந்துவிடுகிறது. பட்டியலில் பொய் எழுதியிருக்கிறார்களா?
– கல்யாண வீடியோ எடுப்பவர்

பதில்: பொய் இல்லை. ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லை அவர்கள் ஒரு பொருளில் எழுதுகிறார்கள், நாம் வேறு பொருளில் படிக்கிறோம். அவர்கள் சொல்வது, இவ்வளவு இருந்தால் மென்பொருள் திறக்கும் என்பது. வேலை செய்து பிழைக்கிறவர் பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற வரிசை. உங்களுக்கு இது தொழில், முதல் வரிசையைப் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம், உங்களிடம் இருக்கும் 8 ஜிபி அந்த மென்பொருளுக்கு மட்டுமே கிடைப்பதில்லை. நாளை காலை ஒன்று செய்யுங்கள். எப்போதும்போல பிரவுசர், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டிங் மென்பொருளை மட்டும் திறக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். ‘இன் யூஸ்’ என்பது ஏற்கெனவே செலவானது, ‘அவைலபிள்’ என்பது மிச்சம். அந்த மிச்சம்தான் உங்கள் மென்பொருளுக்குக் கிடைப்பது. 8-ல் 3 ஜிபி மிஞ்சினால், 8 கேட்கிறவருக்கு 3-ஐக் கொடுத்து வேலை வாங்குகிறோம். கீழே ‘ஹார்ட்வேர் ரிசர்வ்டு’ என்று ஒரு சின்ன எண்ணும் இருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் கிராஃபிக்ஸ் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட பங்கு பெரும்பாலும் அதில்தான் வரும். சில கணினிகளில் அது 2 ஜிபிகூட இருக்கும்.

ராம் தீர்ந்ததும் விண்டோஸ் டிஸ்கில் ஒரு கோப்பை ராமாகப் பயன்படுத்தத் தொடங்கும். உங்கள் டிஸ்க் சுழலும் வகையாக, அதாவது எச்டிடியாக இருந்தால் நீங்கள் சொல்லும் உறைதல் அங்கேதான் நடக்கிறது. உறையும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

மெமரிப் பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்று ஒரு வரி உண்டு. ‘1 ஆஃப் 2’ என்று இருந்தால் பெரும்பாலும் இன்னொரு பட்டைக்கு இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். கணினியின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, எவ்வளவு ராம் வரை ஏற்கும், எந்த வகை என்று உறுதி செய்துகொண்டு அதன் பிறகு வாங்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்குப் பதில் இன்னொன்று பொருந்தாது. சில மெல்லிய லேப்டாப்களில் ராமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், அவற்றில் கூட்டவே முடியாது.

மென்பொருளுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால், முதலில் இலவச சோதனைப் பதிப்பை இறக்கி உங்கள் கேமராவில் எடுத்த கோப்பையே போட்டு வெட்டிப் பாருங்கள். மாதிரி வீடியோவை வைத்துப் பார்க்காதீர்கள். 4கே கோப்பு கேட்கும் பலம் வேறு, மாதிரிக்குக் கொடுக்கும் சின்ன வீடியோ கேட்கும் பலம் வேறு.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது என்றார்கள். 11-க்கு மாற முயன்றால் ‘டிபிஎம் 2.0 இல்லை’ என்று மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் சொல்கிறது. புதுக் கணினி வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம் ஐயா. டிபிஎம் என்பது கணினியின் ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி. அந்த வரி வருவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: உண்மையிலேயே இல்லாமல் இருப்பது, இருந்தும் அணைந்திருப்பது. 11 கேட்பது 1 கிகாஹெர்ட்ஸில் 2 கோர் உள்ள 64 பிட் பிராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், யூஈஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய வகை நிரல்), செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான நிரலை மட்டும் அனுமதிப்பது) வசதி, டிபிஎம் 2.0. இவற்றோடு பிராசசர் மைக்ரோசாஃப்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் இன்டெல்லில் 8-ம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து.

அதனால் முதலில் உங்கள் பிராசசர் எண்ணைப் பாருங்கள். அது பட்டியலில் இருந்தால், டிபிஎம் உள்ளேயே இருக்கிறது, பயாஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வரும் அமைப்புப் பக்கத்தில்) அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கணினி தொடங்கும்போது பயாஸுக்குள் போனால் இன்டெல்லில் ‘பிடிடி’ என்றும் ஏஎம்டியில் ‘எஃப்டிபிஎம்’ என்றும் பெயர் இருக்கும், அதை எனேபிள் செய்தால் போதும். ஆனால் பயாஸில் கை வைப்பதற்கு முன்னால், டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் அதன் மீட்புச் சாவியை, அந்த 48 இலக்க எண்ணை, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் நீங்கள் சேர்த்து வைத்த படங்களும் எழுத்தும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பேரன் பேத்தி யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

பிராசசரே பட்டியலில் இல்லை என்றால், சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்றும் குறுக்கு வழிகளை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புக்காகத்தானே மாறுகிறோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நீங்கள் செய்வது கடிதம் எழுதுவதும் செய்தி படிப்பதும்தான் என்றால் அந்தக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். நிறுவாமலே யூஎஸ்பியிலிருந்து ஓட்டி, வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தமிழ்த் தட்டச்சும் அதிலேயே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: மென்பொருளுக்கு 20 ஜிபி வேண்டும். டி டிரைவில் 300 ஜிபி காலி. அங்கே நிறுவச் சொல்லியும் ‘இடம் இல்லை’ என்கிறது. ஏன்?

பதில்: சி டிரைவில் எவ்வளவு காலி என்று நீங்கள் எழுதவில்லை, அங்கேதான் சிக்கல் இருக்கும். எங்கே நிறுவச் சொன்னாலும், பல நிறுவிகள் தங்கள் மூட்டையை முதலில் சி டிரைவின் தற்காலிக ஃபோல்டரில்தான் அவிழ்க்கும். பொதுக் கோப்புகள் சிலவும் அங்கேதான் போகும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய்த் தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பெரிய கோப்புகளை டி-க்கு மாற்றுங்கள். நிறுவிய பிறகும் சி-யில் கொஞ்சம் காற்றோட்டம் இருக்கட்டும், விண்டோஸ் புதுப்பிப்புக்கும் இடம் வேண்டும்.

கேள்வி: மேக்கில் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

பதில்: இடது மேல் மூலையில் ஆப்பிள் சின்னம், அதில் ‘அபவுட் திஸ் மேக்’. சிப், மெமரி, மேக்ஓஎஸ் பதிப்பு மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும். முதல் வரியைக் கவனியுங்கள். அதில் எம்1, எம்2 என்று இருந்தால் ஆப்பிள் சிப், இன்டெல் என்று இருந்தால் பழைய வகை. 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து மென்பொருள்களை இரண்டு வகைக்கும் தனித்தனியாகத் தருகிறவர்கள் உண்டு. பதிவிறக்கும் பக்கத்தில் உங்கள் சிப்புக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல்லுக்கு எழுதியது ஆப்பிள் சிப்பில் ரொசெட்டா என்ற ஆப்பிளின் மொழிபெயர்ப்பு மென்பொருள் வழியாகப் பெரும்பாலும் ஓடிவிடும். ஆப்பிள் சிப்புக்கு மட்டும் எழுதியது இன்டெல் மேக்கில் ஓடாது.